துணி மேல் விழும் வெளிச்சக் கோடு
புரொஜெக்டர் வைத்து பேட்டர்ன் வெட்டுவது எப்படி?



தையல் தொழில் செய்யும் குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு விஷயம் எங்கள் கண்ணில் படுகிறது. மெஷின் மிதிக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். கத்திரியைக் கையில் எடுக்க ஒருவரோ இருவரோதான். "தைக்கச் சொல்லுங்க, ராத்திரி பூரா தைக்கிறோம். வெட்ட மட்டும் சொல்லாதீங்க மேடம்" என்பார்கள்.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தப்பினால் துணி போச்சு. சாதாரண ஜாக்கெட் பிட் என்றால் 80 சென்டிமீட்டர் துணியை நம் கைக்காசில் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். பட்டுப்புடவையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணியை என்ன செய்வது? அதே நிறம், அதே கரை எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காது. அதனால்தான் வெட்டும் வேலை வெளியில் இருக்கும் கட்டிங் மாஸ்டரிடம் போகிறது. கூலியில் ஒரு பங்கும் அவரோடு போகிறது. அவர் வராத நாளில் நம் மெஷின்கள் சும்மா நிற்கின்றன.

வெட்டும் வேலையைக் குழுவுக்குள் கொண்டுவர உதவும் ஒரு வழியை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். கூட்டமைப்பு அலுவலகத்தில் பயிற்சி நாளில் மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள் தூங்கும் புரொஜெக்டர் இருக்கிறதே, அதுதான் கருவி.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் தைக்கும் பெண்கள் பலர் இப்போது இப்படித்தான் வெட்டுகிறார்கள். முன்பு பேட்டர்னைப் பல தாள்களில் பிரிண்ட் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, அதைத் துணிமேல் வைத்து வெட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் உள்ள பேட்டர்னை மேலேயிருந்து நேராகத் துணிமேல் வெளிச்சமாக விழவைக்கிறார்கள். முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாம் நிஜ அளவில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின்மேல் சாக்பீஸ் வைத்து வரைந்தால் போதும்.

"அப்போ லைட்டைப் போட்டா துணி தானா வெட்டிக்குமா?" என்று ஒரு அக்கா கேட்டார். வெட்டிக்காது. கோட்டைக் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கோடு சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்கும் வேலை நம்முடையது. இந்தப் பாடத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

சினிமா கொட்டகையில் கதாநாயகி முகம் பத்தடி உயரத்தில் தெரிந்தால் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. படம் பார்க்க அளவு தேவையில்லை. துணி வெட்டுவதற்கு அளவுதான் எல்லாம். புரொஜெக்டரைத் தள்ளி வைத்தால் படம் பெரிதாகும், கிட்டே வைத்தால் சிறிதாகும், சாய்த்து வைத்தால் கோணலாகும். கம்ப்யூட்டரில் 9 இஞ்ச் என்று இருக்கும் கோடு, துணிமேலும் 9 இஞ்சாகவே விழும்படி செய்ய வேண்டும். காய்கறிக்காரர் எடை போடுவதற்கு முன் வெறும் தராசை நிறுத்திக் காட்டுவது போன்ற வேலை இது.

கொத்தனார் சாமான்களை எடுங்கள்

முதல் வேலை, வெட்டும் மேசைக்கு நேர் மேலே புரொஜெக்டரைக் கீழ்நோக்கிக் கட்டுவது. பத்தடி உயரத் தளம், இரண்டரை அடி மேசை என்றால், புரொஜெக்டர் கட்டும் இடம்போக நடுவில் ஆறடி, ஆறரை அடி கிடைக்கும். பயிற்சிகளில் நாம் பயன்படுத்தும் புரொஜெக்டர்கள் பலவற்றில் ஆறடி தூரத்தில் ஏறத்தாழ நாலடி அகலத்துக்குப் படம் விழும். ஜாக்கெட்டுக்கும் குழந்தைகள் கவுனுக்கும் இது தாராளம். சுடிதார் டாப், நைட்டி போன்ற நீளமானவற்றுக்குப் படத்தை நகர்த்தி இரண்டு தடவையாக வரைய வேண்டியிருக்கும். தரையில் உட்கார்ந்து வெட்டிப் பழகியவர்கள் தரையிலேயே விழவைக்கலாம். உயரம் கூடுவதால் படமும் பெரிதாக விழும்.

கட்டும்போது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கிளாம்ப் ஒன்றை மட்டும் நம்பாமல், இன்னொரு சங்கிலியோ கம்பியோ பாதுகாப்புக்குப் போட்டுவிடுங்கள். கீழே நம் தலை இருக்கிறது. எல்லாப் புரொஜெக்டரையும் நேர் கீழே பார்க்கவைத்து எரியவிட முடியாது. லேம்ப் உள்ள பழைய மாடல்கள் சில அப்படி வைத்தால் சூடாகிக் கெட்டுவிடும். கூட வந்த புத்தகத்தில் இதைப் பற்றிப் போட்டிருப்பார்கள், படித்துவிட்டுக் கட்டுங்கள். சீலிங் ஃபேனுக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது. ஃபேன் ஆட, புரொஜெக்டர் ஆட, கோடும் ஆடும்.

மேசை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு கால் குட்டையாக இருந்தால் அட்டை வைத்து நிமிர்த்துங்கள். அடுத்து, புரொஜெக்டரும் மேசையை நேராகப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான புரொஜெக்டர்களில் லென்ஸுக்கு நேர் எதிரே படத்தின் நடுப்பகுதி விழாது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் விழும். ஸ்டூலில் வைத்துச் சுவரில் காட்டும்போது படம் கொஞ்சம் மேலே ஏறி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தயாரிக்கும்போதே அப்படித்தான் அமைக்கிறார்கள். "படம் மேசை ஓரத்துக்குப் போகுதே" என்று புரொஜெக்டரைச் சாய்த்தால், அந்த நிமிடமே அளவு கெட்டது. சாய்க்காதீர்கள், புரொஜெக்டரையோ மேசையையோ நகர்த்துங்கள்.

இப்போது மேசைமேல் ஒரு பெட்டி வரைய வேண்டும். நீளம் 32 இஞ்ச், அகலம் 24 இஞ்ச். ஓரம் பிசிறில்லாத நீளமான மரச்சட்டம், மூலைமட்டம், கூர்மையான பென்சில் போதும். மூலைகள் சரிதானா என்று பார்க்க, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடியுங்கள். சரியாக 40 இஞ்ச் வர வேண்டும். இன்னொரு குறுக்கிலும் 40 வர வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் கயிறு கட்டி மூலை பார்க்கும் அதே கணக்குதான் இது. 40 வராவிட்டால் பெட்டி கோணல், அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். இனிமேல் பார்க்கப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டிதான் சாட்சி.

இந்த அளவுகளை எடுக்க இரும்பு டேப்பைப் பயன்படுத்துங்கள். நாம் கழுத்தில் போட்டிருக்கும் இஞ்ச் டேப் நாளாக நாளாக நீண்டுவிடும்.

அளவுக்குக் கொண்டுவருவது

கம்ப்யூட்டரில் ஒரு காரியம் முதலில். திரை அமைப்பில் ரெசல்யூஷன் என்ற இடத்துக்குப் போய், புரொஜெக்டருக்கு உரிய சொந்தப் புள்ளிக் கணக்கையே கொடுங்கள். பழைய அலுவலக மாடல் பலவற்றில் 1024 × 768 இருக்கும். வேறு எண் கொடுத்தால் படம் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியலாம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். பெட்டியின்மேல் '1080 சப்போர்ட்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'நேட்டிவ்' எவ்வளவு என்று கேளுங்கள். நாலடி அகலப் படத்தில் 1920 புள்ளி இருந்தால் இஞ்சுக்கு 40 புள்ளி விழும், கோடு மெல்லிசாக இருக்கும். 800 புள்ளிதான் என்றால் இஞ்சுக்குப் பதினாறு, பதினேழு. ஒரு புள்ளியே ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். கோடு தடித்துவிடும், அதன் உள்பக்கம் வெட்டுவதா, வெளிப்பக்கம் வெட்டுவதா என்று சண்டை வரும்.

புரொஜெக்டரில் கீஸ்டோன் என்று ஒரு வசதி உண்டு. கோணல் படத்தை நேராக்கிக் காட்டும். புது மாடல்களில் இது தானாகவே வேலை செய்யும். அந்தத் தானியங்கியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றினால், நேற்றுப் பார்த்த அளவு இன்றைக்கு இருக்காது. கோணலைக் கையால் சரிசெய்வதுதான் நல்லது. படத்தின் எந்த ஓரம் அகலமாக விழுகிறதோ அந்தப் பக்கம் லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கடைசியில் மயிரிழை மிச்சம் இருந்தால் மட்டும் கீஸ்டோனைத் தொடலாம்.

பிறகு கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட ஒரு பக்கத்தைத் திறந்து மேசைமேல் விழவையுங்கள். அதில் 32 × 24 பெட்டி ஒன்றும், 20 இஞ்ச் கோடுகள் இரண்டும், நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று, இருக்க வேண்டும். நம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இதை வரைந்து பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். முழுத்திரையில் வைத்து, டேப்பால் 20 இஞ்ச் கோட்டை அளங்கள்.

20 சதவீதத்தில் வைத்திருக்கிறோம், கோடு 18 இஞ்சுதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபம். இருக்கிற சதவீதத்தை, வர வேண்டிய அளவால் பெருக்கி, வந்த அளவால் வகுக்க வேண்டும். 20 × 20 = 400. 400 ÷ 18 = 22.2. சதவீதம் காட்டும் கட்டத்தில் 22.2 என்று அடித்து, மறுபடி அளங்கள். 20 இஞ்ச் வரும். பைசா வட்டி போடத் தெரிந்த நமக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

நெடுக்கிலும் குறுக்கிலும் 20 வர வேண்டும். ஒன்றில் 20, இன்னொன்றில் 19¾ என்றால் சதவீதத்தில் கை வைக்காதீர்கள். புரொஜெக்டர் சாய்ந்திருக்கும், அல்லது ரெசல்யூஷன் தப்பாக இருக்கும். இரண்டும் சரியானதும், வெளிச்சப் பெட்டியின் நாலு மூலையும் மேசையில் வரைந்த பெட்டியின் நாலு மூலையில் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் முடிந்தது. 'பேட்டர்ன் புரொஜெக்டர்' என்று இணையத்தில் இலவசமாக ஒரு செயலியும் இருக்கிறது. அதில் நாலு மூலையையும் மவுஸால் இழுத்துப் பெட்டியில் பொருத்தினால் அளவை அதுவே கணக்குப் பண்ணிக்கொள்ளும். அதைப் பயன்படுத்தினாலும் டேப் வைத்து அளப்பதை விட்டுவிடாதீர்கள்.

சின்னத் தப்பு எவ்வளவு பெரிசு?

பேட்டர்ன் தாள்களில் சரிபார்ப்பதற்கென்று ஒரு இஞ்ச் கட்டம் போட்டிருப்பார்கள். அதை மட்டும் அளந்து "சரியா இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

படம் நூற்றுக்கு இரண்டு பங்கு சிறிதாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இஞ்ச் கட்டத்தில் அது அரை மில்லிமீட்டர். நம் கண்ணுக்கே தெரியாது. இப்போது 36 மார்பு ஜாக்கெட் வெட்டுகிறோம். கால்பாகம் 9 இஞ்ச். அதில் கால் இஞ்சுக்கும் குறைவாகத்தான் குறையும். ஆனால் நாலு பாகம் சேரும்போது சுற்றளவில் முக்கால் இஞ்ச் வரை போய்விடும். ஜாக்கெட் ஏறும், கொக்கி போட முடியாது. கைக்குழி இறுக்கும். வாங்கிப்போன அக்கா முகம் சுளிப்பார். "குழுவில தைச்சா இப்படித்தான்" என்று பேச்சு பரவும். அந்தப் பேச்சை மாற்ற ஒரு வருஷம் ஆகும். 20 இஞ்ச் கோட்டில் அளந்திருந்தால் அதே தப்பு கிட்டத்தட்ட அரை இஞ்சாகத் தெரிந்திருக்கும், துணியில் கை வைக்கும் முன்பே பிடித்திருக்கலாம். அளக்கும் கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, சீருடை மாதிரி மொத்த வேலை எடுக்கும் குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நாம் அளவு பார்த்தது மேசையின் மட்டத்தில். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரு இஞ்ச் கனம் ஏறிவிட்டால், மேல் துணி லென்ஸுக்கு ஒரு இஞ்ச் கிட்டே போகிறது. ஆறடி என்பது 72 இஞ்ச். அதில் ஒரு இஞ்ச் குறைந்தால் படமும் 72ல் ஒரு பங்கு சுருங்கும். 36 மார்பில் அது அரை இஞ்ச்! ஒற்றைத் துணிக்கும் இரட்டை மடிப்புக்கும் கவலையில்லை. அடுக்கி வெட்டுவதாக இருந்தால், அடுக்கை விரித்துவிட்டு, மேல் துணியின் மேலேயே 20 இஞ்ச் கோட்டை அளந்து சதவீதத்தை மாற்றுங்கள்.

எங்களைக் கேட்டால், ஒரே அளவில் ஐம்பது, நூறு உருப்படி வெட்ட வேண்டிய வேலைக்குத் தினமும் புரொஜெக்டர் தேவையே இல்லை. ஒரு தடவை கனமான அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால் போதும். ஆளுக்கு ஆள் அளவு மாறும் ஜாக்கெட், சுடிதார் வேலைக்குத்தான் இது கைகொடுக்கும். ஒவ்வொரு அளவுக்கும் அட்டை சேர்த்து வைக்க இடமும் வேண்டாம், கரையானுக்கும் எலிக்கும் தீனி போடவும் வேண்டாம்.

மேலே கட்ட வசதியில்லாத ஓட்டு வீட்டில், ஷீட் போட்ட கொட்டகையில் என்ன செய்வது? சுவர் போதும். பழுப்புத் தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, புரொஜெக்டரை ஸ்டூலில் வையுங்கள். 32 × 24 பெட்டியைச் சுவரில் வரைந்து, அதே மாதிரி அளவு பார்த்து, தாளில் கோடு போட்டு எடுத்துக்கொள்ளலாம். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். புதிதாகப் பழகும் குழுக்கள் இந்த வழியில் ஆரம்பிப்பதே நல்லது என்று நினைக்கிறோம். தப்பு வந்தால் தாளோடு போகும்.

வெட்டும் நேரத்தில்

துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபின் விரியுங்கள். பேட்டர்னில் நேர் நூல் காட்டும் அம்பு, துணியின் கரைக்கு இணையாக விழ வேண்டும். மடிப்பில் வெட்டும் பாகம் என்றால், மடிப்புக் கோடு துணி மடிப்பின்மேல் துல்லியமாக உட்கார வேண்டும். பேட்டர்னில் தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேராவிட்டால் நாம்தான் விட வேண்டும்.

வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கத்திரி போடாதீர்கள். கத்திரியின் கீழ் அலகு உள்ளே போகும்போது துணி எழும்பும். எழும்பினால் கோடு நகரும். முதலில் நாலு மூலையிலும் கனமாக ஏதாவது வைத்துவிட்டு, சாக்பீஸால் முழுக்க வரையுங்கள். டாட், கழுத்து, கைக்குழி, சேர்ப்புக் குறி எல்லாம் வரைந்தாச்சா என்று இன்னொரு சகோதரி சரிபார்க்கட்டும். பிறகு அறை விளக்கைப் போட்டு, வழக்கம்போல் வெட்டுங்கள். கருநீலம், மெரூன் துணிகளில் கறுப்புக் கோடு தெரியாது. நிறத்தை மாற்றி, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக விழவைத்தால் பளிச்சென்று தெரியும். மாலை நேரமோ, ஜன்னல் சாத்திய அறையோ வசதி. உங்கள் நிழல் கோட்டை மறைத்தால் பக்கவாட்டில் நின்று வரையுங்கள். குழந்தைகள் மேசைக்குக் கீழிருந்து லென்ஸை அண்ணாந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு ஆகாது.

மேசைக் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் பெயின்ட் குறி போட்டு வையுங்கள். பெருக்கும்போது நகர்ந்தாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். கரண்ட் போய் வந்தால், யாராவது புரொஜெக்டரைத் தொட்டிருந்தால், காலையில் முதல் துணி விரிக்கும் முன், 20 இஞ்ச் கோட்டை அளந்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. அளந்தவர் பெயர், தேதி, சதவீதம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். லேம்ப் மாடலாக இருந்தால் நிறுத்தியதும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபேன் ஓடி நிற்கட்டும்.

வெளிச்சக் கோட்டுக்கு உடம்பு தெரியாது. ஒருவருக்குத் தோள் இறக்கம் இருக்கும், ஒருவருக்கு முதுகு அகலம் கூட இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் அளவு ஜாக்கெட்டைப் பார்த்து மாற்றம் செய்யும் அறிவு தையல் டீச்சரிடமும் உங்கள் அனுபவத்திலும்தான் இருக்கிறது. அதனால் முதல் ஐந்தாறு தடவை பழைய புடவையிலோ காடாத் துணியிலோ வெட்டித் தைத்து, போட்டுப் பாருங்கள். அது பொருந்திய பிறகு வாடிக்கையாளர் துணியைத் தொடலாம்.

இதற்காகப் புது புரொஜெக்டர் வாங்க உள்கடன் போட வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. பீரோவில் இருப்பதை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்ப்போம். எந்தக் குழுவுக்கு எந்தக் கிழமை, லேம்ப் போனால் செலவு யாருடையது, வெட்டும் சகோதரிக்கு உருப்படிக்கு என்ன கூலி, இந்த மூன்றையும் முன்கூட்டியே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டக் கற்றுக்கொண்ட ஒருவரே எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டிருந்தால் பழைய கதைதான். குழுவுக்குக் குறைந்தது நாலு பேர் முறைவைத்துப் பழகட்டும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, தையல் வேலை செய்யும் சகோதரிகள் எல்லோரும் அவரவர் இஞ்ச் டேப்பை மறக்காமல் எடுத்து வாருங்கள். இரும்பு டேப்பை மேசைமேல் நீட்டி வைத்திருப்போம். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.